சித்தப்பா பேச்சு பயமா இருக்கு. நேரா கேட்டுடலாமா?

கோட்டூர் பொண்ணு (கேள்வி):
எங்க சித்தப்பாவுக்கு மூணு ஏக்கர் குத்தகை. சம்பா அறுப்பு நேரத்துல மழை பிடிச்சு, கதிர்லயே முளைச்சுப் போச்சு. மிச்சத்தைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனா ஈரப்பதம்னு ஒதுக்கி வச்சுட்டாங்க. சித்தி நகை கூட்டுறவு வங்கியில இருக்கு, குழு லோன் வேற. ஒரு மாசமா ராத்திரி தூங்குறதில்ல, திண்ணையிலயே உக்காந்திருக்கார். போன வாரம் எக்செல் வண்டியை என் தம்பி பேருக்கு மாத்திக்கச் சொன்னார். நேத்து சாப்பிடும்போது, "நான் இல்லேன்னா கடன் அடங்கிடுமா?"ன்னு சாதாரணமா கேட்டார். சித்தி சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. எனக்குச் சோறு இறங்கல. அவர்கிட்ட நேரா கேக்கலாமா? கேட்டா, இல்லாத நினைப்பை நாமளே கிளப்பி விட்ட மாதிரி ஆயிடுமோ?

மன்னார்குடி உரக்கடை:
கேளும்மா. இன்னைக்கே கேளு. கேக்குறதால யாருக்கும் அந்த நினைப்பு புதுசா வந்துடாது. இதை டாக்டர்களும் ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க, கல்லாவுல உக்காந்து நானும் பாத்திருக்கேன். "செத்துப்போயிடலாம்னு தோணுதா சித்தப்பா?" அப்படியே கேளு. "அப்படியெல்லாம் நினைக்கலையே?"ன்னு மட்டும் கேக்காத. அது "இல்ல"ன்னு சொல்லச் சொல்லிக் கேக்குற கேள்வி. ஆமான்னார்னா திட்டாத, சத்தியம் வாங்காத, புள்ளைங்க முகத்தைப் பாருங்கன்னு ஆரம்பிக்காத. பேச விடு. தனியா விடாத.

நான் பூச்சிமருந்து விக்கிறவன். வயல்ல பயிரே இல்லாத நேரத்துல ஒருத்தர் வந்து மருந்து கேட்டா, என்ன பயிரு, என்ன பூச்சி, எந்த வயலுன்னு கேப்பேன். பதில் சொல்லத் தடுமாறினா சரக்கு இல்லம்பேன். உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு டீ சொல்லுவேன், பையனை விட்டு அவங்க வீட்டுக்குப் போன் போடச் சொல்லுவேன். யாவாரம் போகுதேன்னு பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார். சிரிச்சுட்டுப் போறார். அந்த வேகம் ரொம்ப நேரம் நிக்கிறதில்ல. அதுக்குள்ள கைக்கு எதுவும் எட்டக்கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம்.

அதனால வீட்டுல மருந்து எங்க இருக்குன்னு பாரு. நம்ம பக்கம் பாதி வீட்டுல மாட்டுக்கொட்டாய் எறவாணத்துலதான் யூரியா சாக்குல சுத்திச் சொருகியிருக்கும். மிச்சம் மீதி எல்லாத்தையும் அவர் இல்லாத நேரமா எடுத்து, வேற வீட்டுல பூட்டி வை. இல்ல, என் மாதிரி ஒரு கடைக்காரர்கிட்ட கொடுத்துடு. மாத்திரை டப்பாவும் சித்தி கையில இருக்கட்டும்.

இது என் சொந்த யோசனை இல்ல. சென்னையில 1986லேர்ந்து தற்கொலைத் தடுப்புக்காக நடக்குற சினேகா அமைப்பு, நம்ம கடைமடைப் பக்கம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துல ஊருக்குப் பொதுவா பூச்சிமருந்துக் கிடங்கு கட்டி, ஆளுக்கொரு பூட்டுப்பெட்டி கொடுத்துப் பாத்தாங்க. 2013ல ஆய்வா வந்திருக்கு. இலங்கையில 1995லேர்ந்து கடும் விஷ மருந்தையெல்லாம் ஒவ்வொண்ணா தடை பண்ணினாங்க. அங்க தற்கொலை வீதம் 70 சதவீதத்துக்கு மேல இறங்கிடுச்சு, நெல் விளைச்சலும் குறையல. நம்ம அரசு ஆறு மருந்துக்கு 60 நாள் தடை போட்டப்போ கடைக்காரங்க எல்லாம் முணுமுணுத்தாங்க. என்னைக் கேட்டா 60 நாள் பத்தாது.

கடன் பேச்சுக்கு வரேன். குழு லோன் சித்தி பேர்லதான இருக்கும்? அவர் போனா அது எங்க அடங்கும்? அடகும் அப்படியே நிக்கும். ஆனா இதை இப்ப வாதம் பண்ணாத. முதல்ல அவர் ஒரு வேளை தூங்கட்டும். அப்புறம் நோட்டுப் போட்டு எவ்வளவு, யாருக்கு, எது அவசரம்னு கூட உக்காந்து எழுது. கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல நெல் விஷயத்தை மனுவா கொடுக்கலாம், துணைக்கு ஆள் வருவாங்க.

கிராம செவிலியர் (பணி ஓய்வு):
அண்ணன் சொன்னது சரி. வண்டியைக் கொடுக்குறது, தூக்கம் போறது, "நான் இல்லேன்னா"ங்கிற பேச்சு மூணும் சேர்ந்து வந்தா தள்ளிப்போடக்கூடாது. 14416 டெலிமானஸ், அரசோட மனநல உதவி எண், இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழ்ல பேசுவாங்க. 104லயும் ஆலோசனை உண்டு. சினேகா எண் 044-24640050. அவர் பேசலேன்னா நீயே கூப்பிட்டு அவரைப் பத்திக் கேக்கலாம். குடிப் பழக்கம் இருக்கா? இருந்தா குடிச்ச நேரம் ரொம்பக் கவனம்.

போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்து வீட்டுக்குள்ளயே மூடி வைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. 2017 மனநலச் சட்டம் 115ஆம் பிரிவுப்படி, தற்கொலைக்கு முயற்சி பண்ணினவர் கடும் மன அழுத்தத்துல இருந்தார்னுதான் சட்டம் எடுத்துக்கும். தண்டிக்கிறதுக்கில்ல, அவருக்குச் சிகிச்சை கொடுக்குறது அரசோட கடமை.

கோட்டூர் பொண்ணு:
கேட்டுட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்து, "ரெண்டு மூணு தடவை தோணுச்சு"ன்னார். அப்புறம் அழுதார். நான் அவர் அழுது பாத்ததே இல்ல. அப்பாவும் நானும் திண்ணையிலயே பக்கத்துல படுத்தோம். கொட்டாயில இருந்ததை அப்பா எடுத்துட்டுப் போயிட்டார். ஆனா மனநல டாக்டர்னா "நான் என்ன பைத்தியமா?"ங்கிறார். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்னைக்குக் கூட்டிட்டுப் போகலாம்ங்கிறாங்க சித்தி.

கிராம செவிலியர் (பணி ஓய்வு):
வெள்ளிக்கிழமை வரைக்கும் வேண்டாம்மா, நாளைக்கே போங்க. தூக்கம் இல்லாததுக்குப் பாக்கலாம்னு சொல்லு, அதுவும் உண்மைதான். திருவாரூர் மெடிக்கல் காலேஜ்ல காலையிலயே போய் ஓபி சீட்டு வாங்கிடுங்க. அவர் உன்கிட்ட தோணுச்சுன்னு சொன்னதை டாக்டர்கிட்ட நீயும் ஒரு தடவை சொல்லிடு, அவர் மறைச்சாலும் மறைப்பார். ராத்திரி மறுபடி பேச்சு முத்தினா விடியட்டும்னு இருக்காதீங்க, 108ஐக் கூப்பிடுங்க.

மன்னார்குடி உரக்கடை:
திருவாரூர் போக வண்டி இல்லேன்னா தனிச்செய்தி போடும்மா. காலையில லோடு எடுக்க அந்தப் பக்கம்தான் ஆள் அனுப்புறேன், கோட்டூர்ல வந்து ஏத்திக்கச் சொல்றேன்.