வீட்டில் ஏர் ரைஃபிள் பயிற்சி: சத்தத்தைக் குறைக்க வழி சொல்லுங்கள்

10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) பழகுகிறேன், 4.5 மி.மீ. பெல்லட் (சின்ன ஈயக் குண்டு). வீட்டில் 5 மீட்டர்தான் கிடைக்கிறது, அதனால் டார்கெட்டைப் பாதி அளவுக்குச் சுருக்கி ஒட்டியிருக்கிறேன், அதில் குறையில்லை. சத்தம்தான் பிரச்சினை. துப்பாக்கியைவிட, டார்கெட்டுக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்க வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் பெல்லட் மோதும் 'டங்'தான் சுவர் தாண்டிப் போகிறது, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதன் தூக்கம் என்னால் கெடக் கூடாது. பெட்டிக்குள் களிமண் மாதிரியான புட்டி அடைக்கலாமா, ரப்பர் துண்டுகள் நல்லதா? எது பெல்லட்டைத் திரும்பத் தெறிக்கவிடாமல் பிடிக்கும்? பெட்டியின் பின்னால் உள்ள இரும்புத் தகட்டை மட்டும் எடுக்கவே மாட்டேன். அப்புறம், பெட்டியைச் சுவரில் மாட்டாமல் தடிமனான ஃபோம் மேல் வைத்தால் அதிர்வு குறையுமா? இரவில் பெல்லட் போடாமல் டிரை ஃபயர்தான், ட்ரிகர் பழக அது நல்லது, ஆனால் குறி எங்கே விழுந்தது என்று பார்க்காமல் எத்தனை நாள் பழகுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.