மேரி வர்கீஸின் சாட்சியும் படுக்கையில் இருக்கும் விசுவாசியும்

பாலாற்றங்கரை:
உடல் ஒத்துழைக்கவில்லை என்பதால் ஊழியத்திலிருந்து ஒதுங்கிக்கொள்வோர், டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்வை ஒருமுறையேனும் ஆழ்ந்து நோக்க வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்த அவர், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழே அசைவை இழந்தார். அதன்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. முழங்கால் வலியைச் சொல்லி ஞாயிறு பள்ளிப் பொறுப்பை மறுக்கும் நாம் இந்த வாழ்வுக்கு என்ன பதில் சொல்லப்போகிறோம்?

தாமிரபரணி:
ஐயா, அந்த அம்மையாரின் மேல் எனக்கும் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் 1972-இல் பத்மஸ்ரீ பெற்ற ஒருவரை எல்லாருக்கும் அளவுகோலாக வைப்பதை நான் ஏற்கமாட்டேன். என் தாயார் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார், பேச்சும் குழறிவிட்டது. இத்தகைய சாட்சிகளைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் உறவினர்கள், "நீங்களும் மனது வைத்தால் முடியும்" என்று சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டபோது, "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்றே பதில் வந்தது. முள் நீங்கவில்லை, பெரிதாக எதையும் செய்துகாட்டு என்ற கட்டளையும் அதில் இல்லை.

மறைப்பணி:
இருவரும் ஒன்றைக் கடந்து செல்கிறீர்கள். மேரி வர்கீஸ் தம் மனவுறுதியால் மட்டும் அந்த அறுவை அரங்கை அடைந்துவிடவில்லை. உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது கை அறுவைச் சிகிச்சை என்பதைக் கண்டு, அவரை அந்தப் பணிக்கு அழைத்தவர், வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட். அப்படி அழைக்க ஒருவர் இல்லாதிருந்தால் அதே விசுவாசம் வேலூரில் ஒரு மூலையில் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கும். நம் ஆலயங்களில் எத்தனை வாசல்களில் சாய்தளம் இருக்கிறது? அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்குப் படியேற முடியாதவரிடம் போதகர் இறங்கிவரும் வழக்கம் எத்தனை சபைகளில் உண்டு? குறை அந்த மனிதரின் உடலில் மட்டும் இல்லை. நாம் கட்டிவைத்திருக்கும் படிகளிலும் இருக்கிறது.

பாலாற்றங்கரை:
படிகளைப் பற்றிச் சொன்னதில் மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆயினும் சகோதரி தாமிரபரணியின் வாதத்தில் ஓர் ஆபத்தைக் காண்கிறேன். இயலாதவர்களிடம் எதையும் எதிர்பார்க்கக்கூடாது என்று இரக்கத்தினாலேயே முடிவு செய்துவிட்டால், அவர்களுக்காக ஜெபிப்போமே தவிர, எங்களுக்காக ஜெபியுங்கள் என்று அவர்களிடம் ஒருபோதும் கேட்கமாட்டோம். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து காயமுற்ற பின், 1951-இல் மறையும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். ஆனால் அந்த இல்லத்தார் அவரை ஓய்வுபெற்றவராக ஒதுக்கிவைக்கவில்லை, அந்த அறையிலிருந்தே அவர் எழுதினார், ஆலோசனை சொன்னார். ஒருவரிடம் உதவி கேட்பதும் அவருக்குச் செய்யும் மரியாதையே.

தாமிரபரணி:
கேளுங்கள், அதை நான் தடுக்கவில்லை. என் தாயாரும் மகிழ்வார். ஆனால் அவர் ஜெபிக்கவும் நினைவில்லாத நாள் வரும் என்று மருத்துவர் எங்களிடம் சொல்லியிருக்கிறார். அன்று அவருடைய விசுவாசத்தை எதைக் கொண்டு அளப்பீர்கள்? மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூட்டத்தினால் உள்ளே போக இயலாமல் கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகவும் அங்கே இல்லை.

பாலாற்றங்கரை:
அதே அதிகாரத்தில் அவன் எழுந்து, தன் படுக்கையை எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்பாகப் போனதும் எழுதியிருக்கிறதே, சகோதரி.

தாமிரபரணி:
எழுதியிருக்கிறது ஐயா. என் தாயார் எழமாட்டார். ஆகவே திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவரும்படி எங்கள் சபைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் சபையில் இதற்கென்று ஏற்பாடு இருந்தால், அதை எவ்வாறு நடத்துகிறீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.