எச்எஃப் கையில் பட்டால் ஷவர் மட்டும் போதுமா?

பாயான்_நைட்ஷிஃப்ட்
மலேசியா பினாங்கு, பாயான் லெப்பாஸில் வேஃபர் (சிப் செய்யும் சிலிக்கான் தகடு) லைனில் வேலை. 49% ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்டை (எச்எஃப்) 10 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு என்று கலக்கிறோம். மெல்லிய நைட்ரைல் கிளவுஸ்தான் தருகிறார்கள். பட்டால் 15 நிமிடம் ஷவர், வலித்தால் மட்டும் கிளினிக் என்கிறார் சூப்பர்வைசர். இது சரியா அண்ணே?

ஈஎச்எஸ்_மணி
அந்த "வலித்தால் மட்டும்" தான் ஆளைக் கவிழ்க்கும். கலந்த பிறகு சுமார் 5% வருகிறது. 20%-க்குக் கீழே இருந்தால் வலியும் சிவப்பும் தெரிய 24 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் ஃப்ளூரைடு தோலைத் தாண்டி உள்ளே போய் ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். 49% உள்ளங்கை அளவு பட்டாலே இதயத் துடிப்பு தடுமாறலாம்.

பட்டவுடன் ஷவருக்குள் போய், தண்ணீர் ஓட ஓட உடையைக் கழற்று. ஜெல் கையில் இருந்தால் 5 நிமிடம் கழுவியதும் 2.5% கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தேய்க்க ஆரம்பி, இல்லாவிட்டால் கழுவிக்கொண்டே இரு. தேய்ப்பவரும் கிளவுஸ் போட வேண்டும். விரல் என்றால் கிளவுஸுக்குள் ஜெல்லை நிரப்பிக் கையை நுழைத்துவிடலாம். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான். எஸ்டிஎஸ் தாளையும் (ரசாயனத்தின் பாதுகாப்பு விவரத் தாள்) கையோடு எடுத்துப் போ. மரத்துப்போகும் ஊசி போட்டால் ஜெல் வேலை செய்கிறதா என்று தெரியாது, அதையும் டாக்டரிடம் சொல்.

கண்ணில் பட்டால் ஜெல் கூடாது. ஐவாஷ் குழாயில் கண்ணைக் கழுவு, பிறகு 999-க்கு அவசர அழைப்பு.

பாயான்_நைட்ஷிஃப்ட்
நன்றி அண்ணே. கிளவுஸ்?

வெட்பெஞ்ச்_டெக்
அந்த மெல்லிய நைட்ரைல் தெறிப்புக்கு மட்டும், அதுவும் பட்ட உடனே கழற்ற வேண்டும். 49% ஊற்றும்போது முழங்கை வரை வரும் தடித்த நியோப்ரீன் அல்லது பியூட்டைல் ரப்பர் கிளவுஸ், மேலே ஏப்ரன், ஃபேஸ் ஷீல்டு. போடுமுன் காற்றடைத்து அமுக்கிப் பார், ஊசித் துளை இருந்தால் தெரிந்துவிடும். தண்ணீரில்தான் ஆசிட், மாற்றி ஊற்றாதே.

சிந்தினால் மணல் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டவே வேண்டாம், சிலிக்காவோடு சேர்ந்து நச்சு வாயு வரும். கால்சியம் கார்பனேட் தூவு. கண்ணாடிப் பாத்திரத்தையும் அரித்துவிடும், எச்டிபிஇ பிளாஸ்டிக் கேன்தான். கழிவுக்கு மலேசியக் கழிவுப் பட்டியலில் எஸ்டபிள்யூ 206 என்ற குறியீடு, லேபிள் ஒட்டி வை. 180 நாளுக்கு மேல் தேங்கக் கூடாது.

ஈஎச்எஸ்_மணி
ஒன்று விட்டுப்போச்சு. ஜெல் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்தால் பிரயோஜனமில்லை, பெஞ்ச் பக்கத்திலேயே இருக்கணும். காலாவதித் தேதியைப் பார். சிஎச்ஆர்ஏ (ரசாயன உடல்நல ஆபத்து மதிப்பீடு) அறிக்கையில் இந்த வேலை இருக்கிறதா என்று சேஃப்டி கமிட்டியில் கேள். யூசெக் 2000 (வேலையிடத்தில் ஆபத்தான ரசாயனங்கள் பற்றிய மலேசிய விதிகள்) விதிப்படி அது முதலாளியின் கடமை, தயங்காதே.