எச்ஓ அளவு மாடல் ரயில் லேஅவுட்: டிசிசிக்கு இரண்டு வயர் போதுமா?

கேள்வி:
8×4 அடி ப்ளைவுட், ஒரு நீள்வட்டம், ரயில் திசை மாற நடுவே குறுக்குப் பாதை, 3 பாயிண்ட் (தடம் பிரியும் இடம்). டிசிசி (தண்டவாளம் வழியே ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) என்றால் இரண்டே வயர் என்கிறார்களே, உண்மையா?

பதில் 1:
கன்ட்ரோலரிலிருந்து கிளம்பும்போது இரண்டுதான். பலகைக்கு அடியில் 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் சிவப்பு, கறுப்பு ஜோடியை ஓட்டுங்கள். அதிலிருந்து 3 அடிக்கு ஓரிடத்தில் 0.5 சதுர மி.மீ. வயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் சால்டர் செய்யுங்கள். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினரை நம்ப வேண்டாம். அது தளர்ந்தாலோ கறுத்தாலோ மின்தடை ஏறும். பிறகு கோடியில் ஷார்ட் ஆனாலும் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) ட்ரிப் ஆகாமல் போகலாம், எஞ்சினின் பிளாஸ்டிக் உருகும். நாணயத்தை இரு தண்டவாளத்துக்கும் குறுக்கே அங்கங்கே வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் உடனே ட்ரிப் ஆக வேண்டும்.

பதில் 2:
உங்கள் சிக்கல் அந்தக் குறுக்குப் பாதைதான். பாதை திரும்பி வந்து சேருமிடத்தில் இடது தண்டவாளம் வலதைத் தொடும், ஷார்ட். குறுக்குப் பாதையின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி, ஆட்டோ ரிவர்சர் (மின் துருவத்தைத் தானே மாற்றும் கருவி) வழியே மின்சாரம் கொடுங்கள். வெட்டிய பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்கட்டும்.

கேள்வி:
வளைவின் ஆரம் 18 அங்குலமா, 22ஆ?

பதில் 1:
22. தடத்தின் நடுவிலிருந்து பலகை விளிம்புக்கு 2 அங்குலம்தான் மிஞ்சும், தடுப்பு வைத்துவிடுங்கள். 18இல் நீளப் பெட்டிகள் தடம்புரளக்கூடும்.