9ஆம் பிரிவு யாருடைய யோசனை? ஷிதெஹராவா, மெக்ஆர்தரா?

கடலோடி:
"ஜப்பானோட அமைதிவாதம் அமெரிக்கா மாட்டிவிட்ட வேஷம்"னு நேத்து ஒருத்தர் அடிச்சு விட்டிருந்தார். படிச்சதுல இருந்து எரியுது. ஜப்பான் அரசியலமைப்புல போரைத் துறக்கிற 9ஆம் பிரிவு, அப்போதைய பிரதமர் ஷிதெஹரா கிஜூரோவோட யோசனை. 1946 ஜனவரி 24 அன்னைக்கு, போர்ல தோத்த ஜப்பானை ஆண்ட அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரைப் பார்த்து அவரே சொன்னது. 1947 மே 3ல நடைமுறைக்கு வந்த அந்த அரசியலமைப்புல இன்னிக்கு வரைக்கும் ஒரு எழுத்து மாறலை. திணிச்சதைத்தான் இத்தனை வருஷம் கட்டிக் காப்பாத்தினாங்களா?

பழைய பேப்பர்:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே எழுதலாம், கடிச்சிட மாட்டேன். ஜனவரி 24 அன்னைக்கு அறையில இருந்தது ரெண்டே பேர். நிமோனியாவுல படுத்த ஷிதெஹராவுக்கு மெக்ஆர்தர் பெனிசிலின் கொடுத்திருந்தார். அதுக்கு நன்றி சொல்லப் போனவர், போன இடத்துல நாட்டோட ராணுவத்தையே எழுதிக் கொடுத்துட்டு வந்தாராக்கும்! பிப்ரவரி 3 அன்னைக்கு மெக்ஆர்தர் தன் ஆட்களுக்குக் கொடுத்த குறிப்புல போர் ஒழிப்பு தெளிவா இருக்கு. ஒரே வாரத்துல அரசியலமைப்பு வரைவு தயார், 13ஆம் தேதி ஜப்பான் அமைச்சர்கள் கையில. இதுல ஷிதெஹரா எங்கே வந்தார்?

கடலோடி:
மெக்ஆர்தரே 1951ல அமெரிக்க செனட் விசாரணையில இது ஷிதெஹரா சொன்னதுன்னு சொன்னார். ஷிதெஹராவும் தன்னை யாரும் கட்டாயப்படுத்தலைன்னு எழுதி வச்சிட்டுப் போனார். சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் ஒண்ணைச் சொல்றாங்க, நடுவுல நீங்க யாரு?

பழைய பேப்பர்:
1951ல என்ன நடந்துட்டு இருந்துச்சுன்னு பாருங்க. கொரியாப் போர். அதுக்கு முந்தின வருஷம் ஜப்பான்ல 75,000 பேரோட போலீஸ் ரிசர்வ் படையைத் தொடங்கச் சொன்னது இதே மெக்ஆர்தர். தான் போட்ட பூட்டைத் தானே உடைச்சவர், பூட்டினது வேற ஆள்னு சொல்லத்தான் செய்வார். ஷிதெஹரா அமைச்சரவையில இருந்த ஆஷிதா ஹிதோஷியோட நாட்குறிப்பைப் படிங்க. பிப்ரவரி கடைசியில ஷிதெஹரா அமைச்சரவையில சொன்னது அதுல இருக்கு. போரைத் துறந்து உலகத்துக்கு வழிகாட்டுங்கன்னு மெக்ஆர்தர் சொன்னாராம், பின்னால ஒரு நாடும் வராதுன்னு இவர் பதில் சொன்னாராம். யோசனைக்குச் சொந்தக்காரர் பேசுற பேச்சா இது?

தேன்சிட்டு:
முதல்ல அமைதிவாதம்னு எதைச் சொல்றீங்க? படையே கூடாதுங்கறதா, முதல்ல அடிக்காம இருந்தா போதும்ங்கறதா? 1954லயே தற்காப்புப் படை வந்தாச்சு.

பழைய பேப்பர்:
அதெல்லாம் அப்புறம். ஜனவரி 24க்கு ஆதாரம் எங்கே?

ஈப்போக்காரன்:
யாரு எழுதினா எங்களுக்கு என்ன? போர்க்காலத்துல ஜப்பான் ராணுவம் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்கள்ல இருந்து அள்ளிட்டுப் போன தமிழங்க எத்தனை பேர் திரும்பி வரலை! காலராவுல செத்தவங்களைக் குவிச்சு எரிச்சாங்க. தாய்லாந்து காஞ்சனபுரியில வெள்ளைக்காரக் கைதிங்களுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறை, ஆளாளுக்குப் பேர், வயசு. எங்க ஆளுங்களுக்கு அப்படி ஒரு கல் உண்டா? போர்ல செத்த ஜப்பான் வீரர்களைக் கும்பிடுற டோக்கியோ யாசுகுனி கோயில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். நுழைஞ்சதும் அந்த ரயில்பாதையில ஓடின சி56 இன்ஜின். கருப்பு பெயின்ட் பளபளக்குது. பக்கத்துல ஜீரோ போர் விமானம். ஜனங்க போட்டோ எடுத்துக்கிறாங்க. எனக்கு அங்க நிக்க முடியலை. இதுக்குப் பேர் அமைதிவாதமா?

கடலோடி:
உங்க வலி புரியுது. ஆனா யாசுகுனியை மட்டும் வச்சு மொத்த ஜப்பானையும் எடை போடாதீங்க. போர்க் குற்றவாளின்னு பிடிச்சு சுகாமோ சிறையில வச்சிருந்த கிஷி நொபுசுகே, விசாரணை இல்லாமலேயே வெளிய வந்து 1957ல பிரதமரானார். அமெரிக்காவோட போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து 1960ல லட்சக்கணக்கான ஜனங்க தெருவுல இறங்கி அந்த ஆளைப் பதவி விலக வச்சாங்க. அணுகுண்டுல தப்பிச்சவங்களோட நிஹோன் ஹிதான்கியோ அமைப்புக்கு 2024ல நோபல் அமைதிப் பரிசு கிடைச்சுது. இவங்களும் வேஷம் போட்டவங்கதானா?

பழைய பேப்பர்:
கிஷி போனார், ஒப்பந்தம் போகலையே! "ஒரு எழுத்து மாறலை"ன்னு பெருமை வேற. எழுத்தை ஏன் மாத்தணும்? 2014 ஜூலையில அபே அமைச்சரவை அர்த்தத்தையே மாத்திருச்சு, நட்பு நாட்டுக்காகவும் சண்டை போடலாம்னு. 2022 டிசம்பர்ல பாதுகாப்புச் செலவை நாட்டோட மொத்த உற்பத்தியில 2 சதவீதத்துக்கு ஏத்துறதா முடிவு. ஊரான் போட்ட சட்டைங்கறதாலதான் பட்டன் ஒவ்வொண்ணா கழண்டு விழுது. பேச்சை மாத்தாதீங்க, ஆஷிதா நாட்குறிப்புக்குப் பதில் சொல்லுங்க.

கடலோடி:
அந்தக் குறிப்பு பிப்ரவரி 21 சந்திப்பைப் பத்தினது. நாம பேசுறது ஜனவரி 24. தேதியைக் குழப்பி ஜெயிக்கிறது உங்க பழைய பழக்கம். போன மாசம் நான்கிங் படுகொலை விவாதத்துலயும் இதையேதான் செஞ்சீங்க.

பழைய பேப்பர்:
நான்கிங்கை ஏன் இழுக்கறீங்க? அங்க பதில் சொல்ல முடியாம நாலு நாள் காணாமப் போனது யாருன்னு எல்லாரும் பார்த்தாங்க. ஜனவரியில தானே சொன்னவர் பிப்ரவரியில ஏன் தயங்கினார்? அதான் கேள்வி.

ஈப்போக்காரன்:
ரெண்டு பேரும் தேதியிலேயே நில்லுங்க. மன்னிப்பு எங்கே?

கடலோடி:
1995 ஆகஸ்ட் 15, பிரதமர் முராயாமா. காலனி ஆட்சி, ஆக்கிரமிப்புன்னு வெளிப்படையா சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

ஈப்போக்காரன்:
அதே ஆகஸ்ட் 15ல, 2006ல, பிரதமர் கொய்சுமி யாசுகுனிக்குப் போய்க் கும்பிட்டார். போர்க்காலப் பிரதமர் டோஜோவோட சேர்த்து 14 முதல் வகுப்புப் போர்க் குற்றவாளிங்களை 1978ல அங்க சாமியாக்கி வச்சிருக்காங்க. ஒரு கையில மன்னிப்பு, மறு கையில கும்பிடு. எதை எடுத்துக்கறது?

கடலோடி:
1978க்கு அப்புறம் ஹிரோஹிட்டோ மன்னரே அங்க போகலை. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

தேன்சிட்டு:
குற்றவாளிங்கறதே ஜெயிச்சவன் கொடுத்த பட்டம். டோக்கியோ போர்க் குற்ற விசாரணையில நீதிபதியா இருந்த நம்ம ராதாபினோத் பால் 25 பேரையும் விடுவிக்கணும்னுதானே தீர்ப்பு எழுதினார்? யாசுகுனியில அவருக்கு நினைவுக்கல்லே இருக்கு. ஒரு இந்தியரா எனக்கு அது பெருமை.

ஈப்போக்காரன்:
பெருமையா? பால் கேட்டது சட்டக் கேள்வி. அட்டூழியம் நடக்கலைன்னு அவர் எங்கேயும் சொல்லலை. நடந்ததுக்கு ஆதாரம் குவிஞ்சு கிடக்குன்னு அதே தீர்ப்புல எழுதினார். இதை மறைச்சுத்தான் அங்க கல்லு நட்டிருக்காங்க, நீங்க இங்க மாலை போடறீங்க.

தேன்சிட்டு:
1,000 பக்கத்துக்கு மேல இருக்கிற தீர்ப்பு. முழுசா படிச்சிட்டுத்தான் பேசறீங்களா?

ஈப்போக்காரன்:
நீங்க படிச்சீங்களா? படிச்சிருந்தா அந்தக் கல்லைப் பெருமைன்னு சொல்லியிருக்க மாட்டீங்க.

பழைய பேப்பர்:
பாலுக்குத் தனி இழை போட்டுக்கங்க. கடலோடி, ஜனவரி 24 பாக்கி இருக்கு.

கடலோடி:
செனட்ல மெக்ஆர்தர் பொய் சொன்னார்ங்கறதுக்கு நீங்க ஆதாரம் கொடுங்க, நான் பேசறேன்.