முதல் இரவுத் தங்கல் நடை: டென்டைக் கழிப்பதா, தண்ணீரைக் கழிப்பதா?

புதுநடை:
ஒரு இரவு, தனியாக. போக 9 கி.மீ., வர 9 கி.மீ. இரவில் 6 டிகிரி வரை இறங்கும், மழையும் வரலாம். என் எடை 62 கிலோ. பட்டியல்: 65 லிட்டர் பை, இருவர் டென்ட் (2.6 கிலோ), '5 டிகிரி' என்று போட்ட ஸ்லீப்பிங் பேக், யோகா மேட் (1 கிலோ), கேஸ் அடுப்பு, 4 லிட்டர் தண்ணீர். மொத்தம் 15 கிலோ. எதைக் கழிக்கலாம்?

இலகுநடை:
உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல தூக்காதீங்கன்னு சொல்வாங்க. உங்களுக்கு 12.4 கிலோ. முதல்ல டென்டை விடுங்க. 3×3 மீட்டர் தார்ப்பாய், 8 முளை, 12 மீட்டர் கயிறு, எல்லாம் சேர்த்தே 900 கிராமுக்குள்ள அடங்கும். பையும் 45 லிட்டர் போதும். 65ல இடம் காலியா இருந்தா கை சும்மா இருக்காது, எதையாவது திணிக்கும்.

மலைக்காகம்:
முதன்முறை போகிறவருக்குத் தார்ப்பாயா? அது காப்பது துணியால் அல்ல, கட்டுகிற கையால். தாழ்ந்த பக்கம் காற்றுக்கு எதிராக இருக்க வேண்டும். நள்ளிரவில் காற்று திசை மாறினால் திறந்த பக்கம் வழியாகச் சாரல் நேரே முகத்துக்கு வரும். இருட்டில், மழையில் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டத் தெரியாதவருக்கு 1.7 கிலோ மிச்சம் பிடித்து என்ன பயன்?

எடை ஒளிந்திருப்பது தண்ணீரில். லிட்டருக்கு ஒரு கிலோ. வழியில் வற்றாத ஓடை இருப்பது உறுதியானால் 2 லிட்டரும் ஒரு ஃபில்டரும் போதும்.

இலகுநடை:
ஃபில்டர்னு சொல்லிட்டுப் போயிட்டா எப்படி? 0.1 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. ஓடைக்கு மேல ஊரோ தொழுவமோ இருந்தா கொதிக்க வைக்கணும். அப்புறம், டென்ட்னா ஈரமே வராதா? ஜன்னலை எல்லாம் மூடிட்டுப் படுத்தா மூச்சுக்காத்தே உள்பக்கம் சொட்டும். காலையில 'டென்ட் ஒழுகுது'ன்னு புகார் வரும்.

மலைக்காகம்:
அதற்குத்தான் காற்றோட்டத் திறப்பு இருக்கிறது, மழையிலும் மூடக்கூடாது. நிஜமாகவே கீழே நனைகிறது என்றால் பெரும்பாலும் டென்டுக்கு அடியில் விரிக்கிற அடிவிரிப்பைப் பாருங்கள். மேல்துணியைத் தாண்டி அது ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும் மழையை ஏந்தி டென்டுக்கு அடியில் கொண்டுவந்து விடும். உள்ளே மடித்து விடுங்கள்.

அளவுகோல்:
டென்டா தார்ப்பாயா என்று இருவரும் மல்லுக்கு நிற்கிறீர்கள். இந்தப் பட்டியலோடு போனால் அவரைத் தூங்கவிடாமல் செய்யப் போவது யோகா மேட். உடம்பு அழுத்துகிற இடத்தில் ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு நசுங்கி, அதில் காற்று நிற்காது. அடியிலிருந்து ஏறும் குளிரைத் தடுப்பது மேட் மட்டுமே. அந்தத் திறனைச் சொல்லும் எண் ஆர்-மதிப்பு. 400 கிராம் ஃபோம் மேட் 2 அளவில் இருக்கும். ஊதும் மேட்களில் 3, 4 கிடைக்கும். 6 டிகிரிக்கு 2 என்பது விளிம்பு, 3 நிம்மதி. ஒன்றின் மேல் ஒன்று போட்டால் மதிப்புகள் கூடும்.

அடுத்து, ஸ்லீப்பிங் பேக்கில் போட்ட அந்த '5' எந்த 5? ஸ்லீப்பிங் பேக்குக்கான ஐஎஸ்ஓ 23537 தர லேபிளில் கம்ஃபர்ட் (சௌகரியமாகத் தூங்கும் குளிர்), லிமிட் (சுருண்டு படுத்துச் சமாளிக்கும் குளிர்) என இரண்டு முக்கிய எண் இருக்கும். இடைவெளி சுமார் 5 டிகிரி. வாங்கும்போது கம்ஃபர்ட்டைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் கீழே நல்ல மேட், உடம்பில் முழுக்கை உள்ளாடை என்ற கணக்கில் வந்த எண்.

இலகுநடை:
மேட் விஷயத்துல ஒத்துக்கிறேன், ஆனா ஃபோம்தான். ஊதுற மேட்ல முள்ளு குத்துனா 3ம் இல்ல, 4ம் இல்ல, வெறுந்தரைதான்.

மலைக்காகம்:
ஒட்டுத்துண்டு 20 கிராம்கூட வராது. இன்னொன்று, உங்கள் தார்ப்பாய்க்கு அடியில் வாத்து இறகு பேக் போட்டுப் படுத்தால் சாரலில் இறகு ஒட்டிப்போய்க் கதகதப்பே இராது. தார்ப்பாய் என்றால் செயற்கை இழை பேக் வேண்டும். அது கனம். மிச்சம் பிடித்த எடையில் பாதி அங்கே திரும்பி வந்துவிடும்.

இலகுநடை:
பாதி எல்லாம் வராது. ஆனா மழை நிச்சயம்னா டென்ட் எடுங்க, ஒருவர் டென்டா, 1.5 கிலோவுக்குள்ள. வானம் தெளிவா இருந்தா என் பேச்சு மாறாது.

புதுநடை:
லேபிளைப் பார்த்தேன். 5 என்பது லிமிட், கம்ஃபர்ட் 10. கம்ஃபர்ட் 5 உள்ள செயற்கை இழை பேக்குக்கு மாறுகிறேன், 300 கிராம் கூடுகிறது. ஒருவர் டென்டில் 1.1, தண்ணீரில் 2, ஃபோம் மேட்டில் 0.6 கிலோ குறைகிறது. ஆக 11.6. மழை வந்தால் டென்டுக்குள் அடுப்பு மூட்டலாமா?

அளவுகோல்:
கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. காற்று மறைப்புத் தகட்டால் கேஸ் குப்பியை முழுக்கச் சுற்றுவதும் ஆபத்து, சூடேறி வெடிக்கும். ஒரு இரவுக்கு 100 கிராம் குப்பி தாராளம்.

மலைக்காகம்:
ஃபில்டர் எடையைக் கூட்ட மறந்துவிட்டீர்கள், சுமார் 100 கிராம். பையைக் கடைசியாக வாங்குங்கள், மற்றதை எல்லாம் குவித்துப் பார்த்த பிறகு. இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். வயிற்றில் உட்கார்ந்தால் பாரம் முழுக்கத் தோளுக்குப் போகும்.

இலகுநடை:
மழை உறையை மட்டும் நம்பாதீங்க, முதுகுப்பக்கம் அது மூடாது. பைக்குள்ள கெட்டியான பிளாஸ்டிக் பை ஒண்ணு விரிச்சு, ஸ்லீப்பிங் பேக்கையும் மாத்துத்துணியையும் அதுல போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்க.