தீபாவளிக்கு 14 பேர் வருகிறார்கள், முழங்கால் நிற்க விடமாட்டேன் என்கிறது

ஆயர் ஈத்தாம் அத்தை:

எனக்கு 69 வயது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு. இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. மகன் குடும்பம் கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் வந்து, பெர்ரி ஏறி, சனி மதியம் வந்து சேரும். மகள் ஜொகூரிலிருந்து காரில். கொழுந்தன் வீடு, தம்பி வீடு எல்லாம் சேர்த்துக் காலையில் பசியாற 14 பேர்.

எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டதும் தோசை, மட்டன் பெரட்டல், கோழிக் குழம்பு. அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். முதல் நாள் என் வீட்டுக்காரருக்கும் மாமனார் மாமியாருக்கும் படையல் வேறு.

போன வருடம் ஒரு கூத்து நடந்தது. படையல் முடிந்த கையோடு நாலு கிலோ ஆட்டிறைச்சியை ஒரே சட்டியில் பெரட்டி வைத்தேன். சட்டி ஐஸ் பெட்டியில் நுழையவில்லை. ராத்திரி ஒரு தடவை சூடு பண்ணி வைக்கலாம் என்று நாற்காலியில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். விடியற்காலை மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் பொடிப்பொடியாக நுரை. கரண்டியை விட்டதுமே புளித்த வாடை. யாரும் எழுவதற்குள் பையில் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, "நல்ல ஆடு கிடைக்கல" என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கோழியோடு சமாளித்தேன்.

இந்த வருடம் மகன் கேட்டரிங் சொல்லிவிடலாம் என்கிறான். எனக்கு மனசு வரவில்லை. நான் கெடாவில் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். தீபாவளிக்கு முதல் நாள் லயத்தில் பத்து வீடு சேர்ந்து ஒரு ஆடு வெட்டுவார்கள். வாழை இலையில் கூறு போட்டு, ஈரலைக்கூட வீட்டுக்கு ஒரு துண்டாகச் சமமாக வைப்பார்கள். எங்கள் கூறை அம்மா விறகடுப்பில் பெரட்டுவார். அந்தக் கைப்பக்குவம் கேட்டரிங்கில் எப்படி வரும்?

கேள்வி இரண்டு. பெரட்டலை எப்போது செய்து எப்படி வைப்பது? பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாதவள் நாற்பது தோசையை எப்படிச் சுடுவது?

கிள்ளான் கதிர்:

அத்தை, தோசைக்குப் பதில் இட்லி ஊற்றுங்கள். ஒரே ஈட்டில் 16 வெந்துவிடும். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கலாம்.

ஆயர் ஈத்தாம் அத்தை:

தம்பி, தீபாவளி காலையில் இட்லியா! வேறு ஏதாவது சொல்லுங்கள்.

செந்தூல் சின்னம்மா:

அக்கா, நான் இருபது வருடம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தியவள். உங்கள் சட்டிதான் குற்றவாளி. நாலு கிலோ கறி ஒரே பாத்திரத்தில் இருந்தால் மேலே ஆறினாலும் நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமி பெருக அதுபோதும். கொட்டியது நல்லது. சில கிருமிகள் விடும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. அந்தக் காலத்தில் அம்மாக்கள் தணலிலேயே வைத்திருந்தார்கள், சூடு இறங்கவே இறங்காது. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டால் அப்படி இல்லையே.

பெரட்டலை வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். சனிக்கிழமை படையலுக்கு மட்டும். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போடாமல் இரண்டு ஈடாக வேக வைத்து, பிறகு பெரட்டுங்கள். தேங்காய் மட்டும் அன்றைக்குச் சேர்க்க வேண்டாம், அதுதான் சீக்கிரம் ஊசும். இறக்கியதும் நாலைந்து தட்டையான டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஐஸ் தண்ணீர் ஊற்றிய தட்டில் உட்கார வைத்து ஆற விடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டிக்குப் போயாக வேண்டும். இடம் இல்லையென்றால் குளிர்பானத்தை வெளியே எடுங்கள், அது கெடாது. ஞாயிறு காலையில் வேண்டிய அளவை மட்டும் நன்றாகக் கொதிக்க வைத்துக் கடைசியில் தேங்காய்ப்பால் விடுங்கள். இரண்டு நாள் ஊறின பெரட்டல் இன்னும் ருசியாகத்தான் இருக்கும்.

தோசை மாவைப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். நம் ஊர் வெக்கையில் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். பொங்கியதும் உள்ளே வைத்துவிட வேண்டும்.

பூச்சோங் மருமகள்:

கோபித்துக்கொள்ளாதீர்கள் அத்தை, நான் மருமகள் பக்கத்திலிருந்து பேசுகிறேன். என் மாமியாரும் உங்களைப் போலத்தான். "நீ போய் உட்காரும்மா" என்று அடுப்படியிலிருந்து விரட்டுவார், அப்புறம் ராத்திரி காலுக்குத் தைலம் தேய்ப்பார். போன வருடம் மின்சாரத் தோசைக்கல்லைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டோம். பிள்ளைகள் அவரவர் தோசையை அவரவரே ஊற்றிக்கொண்டார்கள். ஒன்று பூனை மாதிரி, ஒன்று மலேசியா வரைபடம் மாதிரி! மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து "திருப்பு, திருப்பு, கருகுது" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். நாற்பது தோசையை நீங்கள் ஒருவரே சுட வேண்டும் என்று வீட்டில் யாராவது கேட்டார்களா?

ஆயர் ஈத்தாம் அத்தை:

யாரும் கேட்கவில்லைதான்.

சரி, தோசையை விட்டுக்கொடுக்கிறேன், பெரட்டலை விடமாட்டேன். அதுவும் உயரமான முக்காலி போட்டு உட்கார்ந்துதான். கோழிக் குழம்பை மகனே கேட்டரிங்கில் சொல்லட்டும், அவனுக்கும் ஏதாவது செய்த மாதிரி இருக்கும். வியாழக்கிழமை சௌரஸ்தா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சி வாங்கிவிடுவேன். சின்ன வெங்காயத்தைப் புதன்கிழமையே டிவி முன்னால் உட்கார்ந்து உரித்துவிடலாம்.

பூச்சோங் மருமகளே, அந்தத் தோசைக்கல் எவ்வளவு அகலம்? ஒரே நேரத்தில் இரண்டு ஊற்றலாமா? எங்கள் வீட்டில் வால் பையன்கள் மூன்று பேர், ஒரு தோசைக்கு வரிசையில் நிற்கிற ரகம் இல்லை.

பூச்சோங் மருமகள்:

எங்களுடையது நீளவாக்கில் இருக்கும், சின்னதாக இரண்டு ஊற்றலாம். மேசை சுவரோரமாக இருக்கட்டும், வயர் காலில் தட்டும்.